வெள்ளம் வந்த வீட்டுக்கு இன்சூரன்ஸ் விலை ஏறிவிட்டது: கட்டுவதா, வீட்டைத் தூக்குவதா? (கடலூர்)

ஆல்பேட்டை தையல்:

எல்லோருக்கும் வணக்கம். கடலூரில் ஆல்பேட்டைக்குப் பக்கத்தில் இருக்கிறோம். தென்பெண்ணைக் கரை நடந்து போகிற தூரம்தான். முன்னறையில் தையல் கடை, பின்னால் வீடு, மாடி கிடையாது. இரண்டு பவர் மிஷின், ஒரு ஓவர்லாக், ஒரு பிக்கோ மிஷின். என்னோடு இரண்டு பெண்கள் தைக்கிறார்கள். கொஞ்சம் நீளமாக எழுதுகிறேன், பொறுத்துக்கொள்ளுங்கள். விவரம் சொல்லாமல் கேட்டால் பதிலும் பொதுவாகத்தான் வரும்.

எங்கள் வீட்டில் தண்ணீர் மூன்று கோடு போட்டிருக்கிறது. 2015 கோடு வாசல்படிக்கு வெளியே. 2021 நவம்பர் கோடு முன்னறையில் கணுக்கால் உயரத்தில். அந்தத் தடவை 15,000 ரூபாய் அளவுக்குப் போனது. மூன்றாவது, 2024 டிசம்பர் கோடு, இடுப்புக்கு மேல், சரியாக 3 அடி. ஃபெஞ்சல் புயல் நவம்பர் 30 அன்று புதுச்சேரி பக்கம் கரையேறியது. மறுநாள் முழுக்க மழை. நாங்கள் கொஞ்சம் ஓடு உடைந்ததோடு தப்பித்தோம் என்றுதான் நினைத்தோம். மழை விட்டபின் வந்தது தண்ணீர். சாத்தனூர் அணையிலிருந்து 2ஆம் தேதி விடியற்காலையில் 1.6 லட்சம் கன அடிக்கு மேல் திறந்துவிட்டார்கள். அது இவ்வளவு தூரம் ஓடிவந்து எங்கள் தெருவுக்குள் நுழைந்தபோது வானத்தில் மேகம்கூட அதிகம் இல்லை. மிஷின்களின் தலையை மட்டும் கழற்றிக் கட்டில்மேல் வைத்தோம். மோட்டார்கள் முழுகிவிட்டன.

வீட்டுக்கு ஒரு பாலிசி இருந்தது. 2017-ல் வீட்டுக் கடன் வாங்கும்போது வங்கியில் போட்டுக் கொடுத்த பழைய ஃபயர் பாலிசி. கடன் தொகையான 12 லட்சத்துக்கே போட்டிருந்தார்கள். அதில் வெள்ளமும் சேர்த்தி என்பதே எனக்கு அப்போதுதான் தெரியும். சேதத்தை மதிப்புப் போடுகிற சர்வேயர் ஒன்பதாம் நாள் வந்தார். கதவு, வயரிங், பூச்சு எல்லாம் பார்த்து நஷ்டம் 1,40,000 என்று எழுதினார். கைக்கு வந்தது 70,000. "வீட்டை இன்றைக்குக் கட்டினால் 24 லட்சம் ஆகும், நீங்கள் பாதிக்குத்தான் இன்சூர் செய்திருக்கிறீர்கள், அதனால் பாதிதான்" என்றார்கள். ஆன சேதத்தைத்தானே கேட்டேன், முழு வீட்டையா கேட்டேன் என்று இன்றுவரை மனசு ஆறவில்லை.

கடைக்குப் பாலிசியே இல்லை. மோட்டார், போர்டு 25,000. லைனிங் துணி, ஃபால்ஸ், நூல் 60,000. அதைவிடப் பெரிய அடி, தைக்கக் கொடுத்திருந்த வாடிக்கையாளர்களின் பட்டுச் சேலைகள். தை மாதக் கல்யாணங்களுக்காக வந்தவை. செம்மண் தண்ணீரில் ஊறிய பட்டு பிறகு பட்டாக இல்லை. 75,000 ரூபாயை ஆறு மாதத் தவணையில் நானே கொடுத்து முடித்தேன். கேட்காதவர்களுக்கும் கொடுத்தேன். அவர்கள் என்னை நம்பித்தானே விட்டுப் போனார்கள்.

அரசாங்கம் ரேஷன் அட்டைக்கு 2,000 கொடுத்தது. ஆற்றுக்கு அந்தப் பக்கம் புதுச்சேரியில் 5,000. வாங்கியதற்கு நன்றிதான், ஆனால் அது ஒரு மோட்டாருக்கும் காணாது.

இப்போது விஷயத்துக்கு வருகிறேன். பழைய பாலிசி இந்த ஆனியோடு முடிந்தது. புதிதாக எடுக்கப் போனால் வீட்டுக்கு வருஷம் 3,900 என்கிறார் ஏஜென்ட். வெள்ளம் எட்டாத மேட்டுத் தெருவில் என் நாத்தனார் வீட்டுக்கு, ஏறக்குறைய அதே அளவு வீட்டுக்கு, 1,700. கடைக்கு 4 லட்சத்துக்குக் கேட்டேன். முதலில் 2,400 என்றார்கள். முன்பு வெள்ளம் வந்ததா என்ற கேள்விக்கு வந்தது என்று எழுதிக் கொடுத்ததும் 7,800 ஆகிவிட்டது. அதோடு வெள்ள நஷ்டம் என்றால் முதல் 25,000 என்னுடையதாம். "உங்கள் ஏரியா என்றாலே மேலே கேட்டுத்தான் போடணும்மா" என்கிறார் ஏஜென்ட்.

லைனிங் பிளவுஸ் ஒன்றுக்கு 350 வாங்குகிறேன். கூலி, நூல், கரண்டு போக 90 நிற்கும். 11,700 என்றால் 130 பிளவுஸ். தண்ணீர் வராத வருஷத்திலும் 130 பிளவுஸ்.

இன்னொரு வழி, வீட்டை ஜாக்கி வைத்துத் தூக்குவது. 3 அடி தூக்க 4 லட்சம் கேட்கிறார்கள், புதுத் தரை தனி. தூக்கினால் பிரீமியம் குறையுமா என்று கேட்டேன். ஏஜென்டுக்குத் தெரியவில்லை.

கடைசியாக ஒன்று. என் சித்தி தாழங்குடாவில் இருக்கிறார். ஒரு பக்கம் முகத்துவாரம், ஒரு பக்கம் கடல். அவர் வீட்டுக்கும் ஏதாவது எடுக்க முடியுமா? கடல் கிட்டே வருகிறது என்று வருஷா வருஷம் சொல்கிறார்.

ஆற்றங்கரையில் ஏன் வீடு கட்டினாய் என்று தயவுசெய்து யாரும் கேட்காதீர்கள். அங்கீகாரம் வாங்கிய மனை. வங்கி ஆள் அனுப்பி மதிப்புப் போட்டுக் கடன் கொடுத்தது. மாநகராட்சி வரி வாங்குகிறது. ஒருவர்கூட அன்றைக்கு இது தண்ணீர் வருகிற இடம் என்று சொல்லவில்லை. இன்சூரன்ஸ் விலைதான் முதல் தடவையாகச் சொல்கிறது, அதுவும் எல்லாம் முடிந்தபிறகு.

நெல்லிக்குப்பம் ரோடு:

அக்கா, வேறு கம்பெனியில் ஆன்லைனில் போடுங்கள். முன்பு வெள்ளம் வந்ததா என்ற இடத்தில் இல்லை என்று டிக் பண்ணிவிட்டால் பழைய விலைக்கே கிடைக்கும். எங்கள் தெருவில் பலர் அப்படித்தான் செய்தார்கள்.

ஓய்வுபெற்ற சர்வேயர், புதுச்சேரி:

தம்பி மேலே சொன்னதைச் செய்துவிடாதீர்கள் அம்மா. நான் முப்பது வருஷம் இந்த வேலை பார்த்தவன். அடுத்த வெள்ளத்தில் வருகிற சர்வேயர் உங்கள் சுவரைப் பார்ப்பார், பழைய கிளெய்ம் விவரத்தைப் பார்ப்பார். பொய் என்று தெரிந்த அன்றைக்கு, பத்து வருஷம் கட்டிய பணமும் போய் கிளெய்மும் போகும். நீங்கள் உண்மையை எழுதியதுதான் சரி. அதற்கு விலை கொடுக்க வேண்டியிருக்கிறதே என்று எனக்கும் வருத்தம்தான்.

பாதிப் பணம் ஏன் வந்தது என்று சொல்கிறேன், அது தெரிந்தால் மனசு கொஞ்சம் ஆறும். பழைய ஃபயர் பாலிசியில் சராசரி விதி என்று ஒன்று உண்டு. 24 லட்ச வீட்டை 12 லட்சத்துக்கு எழுதினால், மீதிப் பாதிக்கு நீங்களே இன்சூரன்ஸ் கம்பெனி என்று கணக்கு. அதனால் சின்ன சேதத்திலும் பாதி உங்கள் தலையில். வங்கிக்கு அதன் கடன் பத்திரமாக இருந்தால் போதும், 12 லட்சம் எழுதிவிட்டுப் போய்விட்டார்கள். இந்த ஒரு விதியால் அழுதவர்களை நான் கணக்கில்லாமல் பார்த்திருக்கிறேன்.

2021 ஏப்ரல் 1 முதல் வீடுகளுக்குப் பாரத் கிருஹ ரக்ஷா என்று ஒரே மாதிரி பாலிசி வந்திருக்கிறது. கம்பெனி எதுவானாலும் அடிப்படை வாசகம் ஒன்றுதான். அதில் இந்தச் சராசரி விதி கிடையாது. புயல், வெள்ளம், சுனாமி எல்லாம் உள்ளேயே இருக்கிறது, தனியாகக் கேட்க வேண்டாம். கட்டடத்துக்கு எடுத்தால் வீட்டுச் சாமான்களுக்கு அந்தத் தொகையில் 20 சதவீதம், அதிகபட்சம் 10 லட்சம் வரை, தானாகவே சேரும். நிலத்தின் விலையைச் சேர்க்கக் கூடாது. பரப்பளவை உங்கள் ஊரின் இன்றைய கட்டுமானச் செலவால் பெருக்கினால் வருகிற தொகைதான் எழுத வேண்டியது. வெள்ளத்துக்குப் பிறகு சேறு, இடிபாடு அள்ளுகிற செலவுக்கும் ஒரு சிறு பங்கு உண்டு. பெரும்பாலோர் அதைக் கேட்பதே இல்லை.

இதைவிட முக்கியமானது, அந்தப் பாலிசியை 10 வருஷம் வரை ஒரே தடவையாக எடுக்கலாம். காப்பீட்டுத் தொகை வருஷத்துக்கு 10 சதவீதம் தானாக ஏறும். அதற்கு மேல்பணம் கேட்க மாட்டார்கள். ஒவ்வொரு வருஷமும் புதுப்பித்தால் ஒவ்வொரு வெள்ளத்துக்குப் பிறகும் விலை ஏறும், அல்லது மேலே கேட்டுச் சொல்கிறோம் என்பார்கள். இன்றைய விலையைப் பத்து வருஷத்துக்குப் பூட்டி வைப்பது உங்களைப் போன்ற இடத்தில் இருப்பவர்களுக்குப் பெரிய பலம். மொத்தமாகக் கட்ட முடியாவிட்டால் மூன்று வருஷமாவது எடுங்கள்.

நான் வேலைக்குச் சேர்ந்த காலத்தில் ஃபயர் டாரிஃப் என்று நாடு முழுக்க ஒரே விலைப் புத்தகம். நிலநடுக்கத்துக்கு மட்டும் மண்டலம் பிரித்து விலை. வெள்ளத்துக்கு அப்படி மண்டலம் கிடையாது. பெண்ணையாற்றுக் கரைக்கும் கோயம்புத்தூர் மேட்டுக்கும் ஒரே விலை. மேட்டில் இருப்பவர் பள்ளத்தில் இருப்பவருக்கும் சேர்த்துக் கட்டினார், யாருக்கும் அது தெரியாது. 2007-ல் அந்தக் கட்டுப்பாடு போனது. இப்போது ஒவ்வொரு கம்பெனியும் எங்கே தண்ணீர் வந்தது என்று பார்த்து விலை போடப் பழகிக்கொண்டிருக்கிறது. உங்களுக்கும் நாத்தனாருக்கும் உள்ள வித்தியாசம் அதன் ஆரம்பம்தான் என்று பயப்படுகிறேன்.

கடை விஷயம். வீட்டுப் பாலிசியில் வியாபாரச் சரக்கும் மிஷினும் வராது. அதற்குப் பாரத் சூக்ஷ்ம உத்யம் சுரக்ஷா, 5 கோடி வரை மதிப்புள்ள சிறு தொழில்களுக்கானது. அதில் ஒன்றைக் கவனமாகப் பாருங்கள். அடுத்தவர் உங்களிடம் நம்பிக் கொடுத்த பொருள், அதாவது அந்தப் பட்டுச் சேலைகள், பாலிசியில் தனியாகக் குறிப்பிட்டு எழுதினால் ஒழிய சேராது. தையல் கடை, சலவைக் கடை, நகைப் பட்டறை, டிவி ரிப்பேர் கடை எல்லோரும் சறுக்குகிற இடம் இது. சொந்தச் சரக்கு 60,000 என்றும் பிறர் பொருள் இவ்வளவு என்றும் பிரித்து எழுதச் சொல்லுங்கள். தைக்க வாங்கும்போது ரசீதில் சேலையின் விலையையும் ஒரு வரி எழுதிக்கொள்ளுங்கள். என் மாதிரி ஆள் வந்து நின்றால் காட்ட அதுதான் இருக்கும்.

ஐப்பசி பிறந்துவிட்டது. வங்கக் கடலில் தாழ்வு மண்டலம் என்று செய்தி வந்தபிறகு போனால் பல அலுவலகங்களில் புதிய பாலிசி போட மாட்டார்கள். தள்ளிப் போடாதீர்கள். தண்ணீர் வந்தால் கழுவுவதற்கு முன் சுவர்க் கோட்டோடு சேர்த்துப் படம் எடுங்கள். நனைந்த துணியைத் தூக்கிப் போடாமல் ஒரு மூலையில் வையுங்கள், நாற்றம் அடித்தாலும். கம்பெனியில் எழுத்துப்பூர்வமாகப் புகார் கொடுத்து ஒரு மாதத்தில் சரியான பதில் வராவிட்டால் சென்னையில் உள்ள காப்பீட்டுக் குறைதீர்ப்பாளரிடம் போகலாம். 50 லட்சம் வரை அவர் விசாரிப்பார். செலவு கிடையாது, வக்கீல் தேவையில்லை. பழைய கிளெய்மை அங்கே கொண்டு போய்ப் பயனில்லை. அந்த விதி பாலிசியிலேயே அச்சடித்து இருக்கிறது.

பிள்ளைச்சாவடி:

அக்கா, சித்தி வீட்டைப் பற்றிக் கேட்டிருக்கிறீர்கள். சர்வேயர் ஐயா எழுதவில்லை, அதனால் நான் எழுதுகிறேன்.

புயலில் கடல் உள்ளே வந்து வீட்டை இடித்தால் பாலிசியில் இடம் உண்டு. ஆனால் கடல் கொஞ்சம் கொஞ்சமாக மண்ணை அரித்து வீடு சரிந்தால் கிடையாது. நிலம் உள்வாங்குவதற்குப் பணம் உண்டு என்று எழுதியிருக்கும் இடத்திலேயே, கடல் அரிப்பும் ஆற்று அரிப்பும் சேராது என்று எழுதியிருக்கிறார்கள். எங்கள் அப்பா வீடு போனது அப்படித்தான். முதலில் தென்னை இரண்டு, அப்புறம் வலை வைக்கும் கொட்டகை, அப்புறம் சமையலறைச் சுவர். எந்த நாளில் போனது என்று கேட்டார்கள். எந்த நாள் என்று சொல்வது? மூன்று வருஷம் போனது.

எங்கள் ஊருக்கு இது கடல்மட்டம் உயர்வதால் மட்டும் வந்தது இல்லை. 1980-களின் கடைசியில் அரியாங்குப்பம் ஆற்று முகத்துவாரத்தில் துறைமுகத்துக்குக் கல் அணை போட்டார்கள். இந்தக் கரையில் வருஷத்தில் பெரும்பாலான மாதம் மணல் தெற்கிலிருந்து வடக்கே போகும். அணை அதைத் தடுத்தது. தெற்கே மணல் சேர்ந்தது, வடக்கே புதுச்சேரி கடற்கரையே இல்லாமல் போய்க் கல் கொட்டினார்கள். கல் முடிகிற இடத்தில் அடுத்த ஊர் அரிக்கும். அங்கே கல் கொட்டினால் அதற்கு அடுத்த ஊர். எங்கள் முறை அப்படி வந்தது. 2018-ல் தலைமைச் செயலகம் பக்கம் கடலுக்குள் பாறைத்திட்டு மாதிரி ஒன்று அமைத்தார்கள், நகரத்துக்கு முன்னால் மணல் திரும்பி வந்தது. மணல் வரவைக்க முடியும் என்று அதில் தெரிந்தது. எங்களுக்கும் அதையே கேட்கிறோம்.

கடல்மட்டம் உயர்ந்தால் இப்படிப் போகிற வீடுகள்தான் அதிகமாகும். வெள்ளத்துக்கு விலை ஏறுகிறது என்றாவது நீங்கள் பேச முடிகிறது அக்கா. அரிப்புக்கு விலையே இல்லை.

கூத்தப்பாக்கத்துப் பையன்:

அக்கா, நான் கடலூரில் பிறந்து வளர்ந்தவன். இப்போது லண்டனில் வெள்ள இன்சூரன்ஸுக்கு விலை போடும் வேலை. ஃபெஞ்சல் ராத்திரி முழுக்க அம்மாவோடு போனில் இருந்தேன். உங்கள் கேள்வியைப் படித்ததும் அந்த 130 பிளவுஸ் கணக்கிலேயே மனம் நின்றுவிட்டது. நானும் கணக்காகவே பேசுகிறேன், தப்பாக எடுத்துக்கொள்ளாதீர்கள்.

2024-ல் உங்களுக்குப் போனது வீட்டில் 1,40,000, கடையில் சேலையோடு சேர்த்து 1,60,000, ஆக 3 லட்சம். 2021-ல் 15,000. 2015 முதல் 2024 வரை பத்து வருஷத்துக்கு 3,15,000. வருஷத்துக்கு 31,500. உங்கள் வீட்டை மட்டும் வைத்து விலை போட்டால் கம்பெனி செலவு, சர்வேயர் செலவு, 18 சதவீத வரி எதுவும் சேர்க்காமலே அவ்வளவு வரும். உங்களிடம் கேட்பது 11,700. அதாவது ஏறிய பிறகும் உங்கள் விலையில் பெரும்பகுதியை வேறு யாரோதான் கட்டுகிறார்கள். இது நல்ல செய்தியா கெட்ட செய்தியா என்றால் இரண்டும்தான். இன்றைக்கு எடுப்பது உங்களுக்கு லாபம். ஆனால் இது இப்படியே நிற்காது. பத்து வருஷத்தில் ஒன்று என்பது ஐந்து வருஷத்தில் ஒன்று ஆனால் 31,500 என்பது 63,000 ஆகும். அதை எந்தத் தையல் கடையும் கட்ட முடியாது.

கடல் உங்கள் வீட்டிலிருந்து சில கிலோமீட்டர் தள்ளி இருக்கிறது, அது உயர்ந்தால் உங்களுக்கு என்ன என்று தோன்றலாம். உங்கள் தண்ணீர் வெளியேறுகிற கதவு கடல். பெண்ணையாறும் கெடிலமும் கடலைவிட உயரமாக இருக்கும் வரைதான் வடியும். ஐப்பசி கார்த்திகையில் காற்று கடலைக் கரைப்பக்கம் தள்ளும். அதோடு அமாவாசை, பௌர்ணமி ஓதமும், அதாவது கடல் ஏற்றமும், சேர்ந்தால் முகத்துவாரத்தில் ஆறு நின்றுவிடும். 1901-க்கும் 2018-க்கும் இடையில் உலகக் கடல்மட்டம் சராசரியாக 20 செ.மீ. ஏறியது. 2006-க்குப் பிறகு வேகம் கூடி வருஷத்துக்கு 3.7 மி.மீ. கேட்க அற்பமாக இருக்கும். ஆனால் தட்டையான எங்கள் ஊரில், வாசல்படிக்கு வெளியே நின்ற 2015 தண்ணீருக்கும் உள்ளே வந்த 2021 தண்ணீருக்கும் எத்தனை செ.மீ. வித்தியாசம்? உங்கள் சுவரில் அளந்து பாருங்கள்.

மற்ற நாடுகளில் என்ன செய்கிறார்கள் என்றும் சொல்கிறேன், நம் ஊருக்கு அப்படியே பொருந்தாது. இங்கே பிரிட்டனில் 2016-லிருந்து ஃபிளட் ரீ என்று ஒரு ஏற்பாடு. வீட்டு இன்சூரன்ஸ் விற்கும் எல்லாக் கம்பெனிகளிடமும் ஒரு பங்கு வாங்கி, ஆற்றங்கரை வீடுகளின் வெள்ள விலை ஒரு அளவைத் தாண்டாமல் பார்த்துக்கொள்கிறார்கள். 2009-க்குப் பிறகு கட்டிய வீட்டுக்குக் கிடையாது, வெள்ளம் வரும் இடத்தில் புதிதாகக் கட்டுவதை ஊக்கப்படுத்தக் கூடாது என்பதற்காக. கடை, பட்டறைக்கும் கிடையாது. ஏற்பாடே 2039-ல் முடிகிறது. அதற்குள் ஊரைப் பாதுகாப்பாக்கிவிட வேண்டும் என்பது எண்ணம்.

அமெரிக்காவில் 1968 முதல் அரசாங்கமே வெள்ள இன்சூரன்ஸ் விற்கிறது. பல காலம் விலையைக் குறைவாக வைத்தார்கள். 2005 கத்ரீனா புயலுக்குப் பிறகு கடன் ஏறி, 2017-ல் 1,600 கோடி டாலரைத் தள்ளுபடி செய்தும் இன்னும் 2,000 கோடி டாலருக்கு மேல் பாக்கி. 2021 அக்டோபரிலிருந்து ஒவ்வொரு வீட்டின் அபாயத்தையும் தனியாகப் பார்த்து விலை. பெரும்பாலான குடியிருக்கும் வீடுகளுக்கு வருஷத்தில் 18 சதவீதத்துக்கு மேல் ஏற்றக் கூடாது என்று வரம்பு இருக்கிறது, ஆனாலும் அது வருஷா வருஷம் ஏறிக்கொண்டே போகும். முடியாதவர்கள் பாலிசியை விடுகிறார்கள். அங்கே ஒரு நல்ல விஷயம், தரைமட்ட உயரம் விலையில் சேர்கிறது. வீட்டைத் தூக்கினால் விலை குறையும்.

நம் படிவத்தில் அந்தக் கட்டம் இல்லை என்பதுதான் எனக்குத் தாங்க முடியாத குறை. 4 லட்சம் போட்டு அபாயத்தைக் குறைப்பவருக்கும் சும்மா இருப்பவருக்கும் ஒரே விலை என்றால் யார் தூக்குவார்கள்? இன்சூரன்ஸ் கம்பெனிகள் நம் ஊரில் உடனே செய்யக்கூடிய ஒன்று இருந்தால் அது இதுதான்: தரை உயரத்தைக் கேளுங்கள், அதற்கு விலை குறையுங்கள். அரசாங்கமும் ஒன்று செய்யலாம். நாகாலாந்து அரசு தன் மாநிலம் முழுமைக்கும் மழை அளவை வைத்துப் பணம் வருகிற பாலிசி எடுத்திருக்கிறது. நம் கடலோர மாவட்டங்களுக்கு அப்படி எடுத்தால் சேலை நனைந்த வாரத்திலேயே கையில் ஏதாவது வரும்.

தூக்குவதைப் பற்றி என் கருத்து: பணம் புரண்டால் தூக்குங்கள். ஆனால் 3 அடி போதாது, போன தடவைத் தண்ணீரே 3 அடி. 4 அடி கேளுங்கள். தெருவின் நடு மட்டத்திலிருந்து அளக்கச் சொல்லுங்கள். நம் ஊரில் பழைய ரோட்டைச் சுரண்டாமல் அதன்மேலேயே புது ரோடு போடுவார்கள். இரண்டு ரோட்டில் அரை அடி போய்விடும்.

ஆல்பேட்டை தையல்:

எல்லோருக்கும் நன்றி. சர்வேயர் ஐயா எழுதியதை என் வீட்டுக்காரரிடம் சத்தமாகப் படித்துக் காட்டினேன். பாதிப் பணத்துக்காக இத்தனை மாதம் அந்த சர்வேயரைத் திட்டிக்கொண்டிருந்தோம். அவர் விதிப்படிதான் எழுதினார் என்று இப்போது புரிகிறது. 12 லட்சம் என்று எழுதிக்கொடுத்தபோது யாராவது ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாம்.

தம்பி சொன்னபடி சுவரை அளந்தேன். 2015 கோட்டுக்கும் 2021 கோட்டுக்கும் 19 செ.மீ. அவ்வளவுதான். ஒரு சாண் கூட இல்லை. அந்த ஒரு சாணில்தான் எங்கள் பயமெல்லாம் இருக்கிறது.

வீட்டுக்குப் பத்து வருஷத்துக்கு விலை கேட்டேன். தள்ளுபடி போக 29,500. சீட்டு ஒன்று மார்கழியில் எடுக்கிற முறை. அதை முன்கூட்டித் தள்ளி எடுத்துக் கட்டுவதாக இருக்கிறோம். 24 லட்சத்துக்கே எழுதச் சொல்லிவிட்டேன். கடைக்கு இந்த வருஷம் மட்டும் எடுக்கிறேன். 7,800 கொடுப்பது வலிக்கத்தான் செய்கிறது, ஆனால் 75,000-ஐத் தவணையில் கொடுத்த ஆறு மாதம் இன்னும் மறக்கவில்லை.

தூக்குவதற்கு எங்கள் வரிசையில் நான்கு வீட்டுக்காரர்கள் சேர்ந்து கேட்டோம். நான்கு வீடும் சேர்ந்தால் குறைத்துத் தருவதாகச் சொல்கிறார்கள். தைக்குப் பிறகுதான் முடியும். அதுவரைக்கும் மெயின் பாக்ஸையும் பிளக் பாயின்டுகளையும் 4 அடிக்கு மேல் ஏற்றிவிட்டோம். முன்னறையில் கடப்பா கல் வைத்துப் பரண் போட்டாயிற்று. வாடிக்கையாளர் சேலைகள் ராத்திரி எல்லாம் பரணில்தான். ரசீதில் சேலை விலை எழுத ஆரம்பித்ததும் ஒரு அம்மா, "எதுக்கும்மா விலை கேக்கிற?" என்று முகம் சுளித்தார். சுவரில் இருந்த கோட்டைக் காட்டினேன். பேசாமல் 6,500 என்றார்.

பிள்ளைச்சாவடி தம்பி, உங்கள் பதிலைச் சித்தியிடம் எப்படிச் சொல்வது என்று தெரியாமல் இரண்டு நாள் வைத்திருந்தேன். நேற்றுப் போனேன். அவர் ஏற்கெனவே தெரிந்து வைத்திருக்கிறார். "கடல் எடுக்கிறதுக்கு யாரும்மா காசு தருவா" என்றார். பத்திரமும் சுனாமி சமயத்தில் கொடுத்த காகிதங்களும் ஒரு பிளாஸ்டிக் டப்பாவில் போட்டு என்னிடம் கொடுத்துவிட்டார். அதுவும் இப்போது என் பரணில் இருக்கிறது. உங்கள் ஊரில் மணல் திருப்பும் வேலைக்கு மனு கொடுக்கிறீர்கள் என்றால் தாழங்குடாவிலிருந்தும் ஆட்கள் வருவார்கள். எங்கே, என்றைக்கு என்று எழுதுங்கள்.

நாளைக் காலை ஏஜென்ட் படிவத்தோடு வருகிறார். தரை உயரத்துக்குக் கட்டம் இல்லாவிட்டாலும் ஓரத்தில் எழுதிப் படத்தையும் இணைக்கப் போகிறேன். ஐயா, பிறர் பொருள் என்று எழுதினால் ஒவ்வொரு சேலைக்கும் உச்ச வரம்பு ஏதாவது வைப்பார்களா? கல்யாணப் பட்டு ஒன்றே 30,000 வரை வருகிறது. கையெழுத்துப் போடுவதற்கு முன் தெரிந்தால் நல்லது.

ஓய்வுபெற்ற சர்வேயர், புதுச்சேரி:

வைக்கலாம் அம்மா. கம்பெனிக்குக் கம்பெனி மாறும். ஒரு பொருளுக்கு உச்ச வரம்பு உண்டா என்று கேட்டு, பதிலை வாட்ஸ்அப்பிலாவது எழுத்தில் வாங்கிக்கொள்ளுங்கள். வரம்பு இருந்தால், விலை கூடிய பட்டுகளின் பட்டியலைத் தனியாக இணைக்க முடியுமா என்று கேளுங்கள். படிவத்தின் படத்தை இங்கே போடுங்கள், பெயரையும் நம்பரையும் மறைத்துவிட்டு. காலையில் பத்து மணிவரை பார்த்துக்கொண்டிருப்பேன்.